மருவுக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்!

காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நடக்கிற எல்லா ஆசாமிகளும் ரஜினி ரசிகர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சில பேருக்குக் கழுத்தில் மரு!

சட்டைக் காலர் உரசும். ஐ.டி. கார்டு கயிறு மாட்டும். ஷேவ் பண்ணும்போது பிளேடு பட்டு ரத்தம் வரும். பெண் பார்க்கப் போன இடத்தில் வருங்கால மச்சினி அதையே உற்றுப் பார்க்கிற மாதிரி ஒரு பிரமை. போதாக்குறைக்குப் பக்கத்து சீட்காரர், "என்னங்க கழுத்துல... உண்ணியா?" என்று கேட்டு மானத்தை வாங்குவார்.

உயிருக்கு ஆபத்து இல்லை. வலி இல்லை. இதைக் காட்டி ஒரு நாள் மெடிக்கல் லீவ்கூடப் போட முடியாது. ஆனாலும் கண்ணாடி முன்னால் நின்றால் கண் முதலில் போவது அங்கேதான்.

உடனே யோசனை சொல்ல ஒரு பட்டாளமே கிளம்பும். "தலைமுடியால கட்டுப்பா, உதிர்ந்துடும்" என்பார் பெரியம்மா. "சுண்ணாம்பு வை" என்பார் எதிர்வீட்டு மாமா. "லேசர்தான் பெஸ்ட்" என்பார் ஆபீஸ் நண்பர். "ஆன்லைன்ல மருந்து வருதுண்ணே" என்பான் தம்பி.

நான் படித்தது பி.காம். மருத்துவம் இல்லை. ஆனால் காமர்ஸ்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாலு கொட்டேஷன் வந்தால் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். என்ன செலவு, எத்தனை தடவை அலையணும், கடைசியில் என்ன மிஞ்சும்? மருவுக்கும் அதே கணக்குதான். என்ன, இங்கே மிஞ்சப் போவது பணம் அல்ல... தழும்பு!

முதலில் பேர் என்ன சார்?

தோலில் எது முளைத்தாலும் நம் ஊரில் ஒரே பேர்: மரு. கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் பாலுண்ணி. கறுப்பாக இருந்தால் மச்சம். தோலுக்கு அடியில் உருண்டால் கொழுப்புக்கட்டி. இந்தப் பேர்க் குழப்பத்தில்தான் பாதி வைத்தியம் பாழாகிறது. ஏனென்றால் ஆள் வேறு, மருந்து வேறு.

முதல் ஆள், கழுத்திலும் அக்குளிலும் சின்னக் காம்பு வைத்துத் தொங்குவது. 'ஸ்கின் டேக்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எங்கேயாவது ஒன்றாவது இருக்கும். உரசல் உள்ள இடத்தில் வரும். உடம்பு போட்டால் கூடும். ஒட்டாது, தொற்றாது.

இரண்டாவது ஆள், சொரசொரப்பாக, காலிஃபிளவர் மாதிரி விரலிலும் பாதத்திலும் தாடியிலும் வருவது. இது வைரஸ் வேலை. பேர் எச்.பி.வி. இது தொற்றும். சின்னக் கீறல் கிடைத்தால் உள்ளே புகுந்துவிடும். தாடியில் வந்தால் ஷேவ் பண்ணப் பண்ண வரிசையாக நாற்று நட்ட மாதிரி பரவும். அதனால் சலூனில் "புது பிளேடு போடுங்க" என்று கேட்பது கௌரவப் பிரச்னை அல்ல, ஆரோக்கியப் பிரச்னை.

மூன்றாவது, கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் மிளகைத் தூவிய மாதிரி வருகிற கறுப்புப் புள்ளிகள். கறுத்த, மாநிறத் தோல்காரர்களின் குடும்பச் சொத்து. அப்பாவுக்கு இருந்தால் உங்களுக்கும் வரலாம். வயதானால் முதுகில், நெஞ்சில் மெழுகை ஒட்ட வைத்த மாதிரி பெரிய சைஸிலும் வரும். இதுவும் சாதுதான். ஹாலிவுட்டின் மார்கன் ஃப்ரீமேன் கன்னம் நிறையப் புள்ளிகளோடுதான் 2005-ல் மேடையேறி ஆஸ்கர் வாங்கினார். யாரும் புள்ளியை எண்ணவில்லை!

நான்காவது, தோலுக்கு அடியில் மெத்தென்று நழுவுகிற கொழுப்புக்கட்டி. க்ரீமும் லேசரும் இதைத் தொடக்கூட முடியாது. சின்ன ஆபரேஷன் ஒன்றுதான் வழி. தொந்தரவு இல்லையென்றால் அதுவும் வேண்டாம். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, வலித்தாலோ மட்டும் ஸ்கேன் பார்த்துவிட வேண்டும்.

ஒரு முக்கியமான பின்குறிப்பு. இதில் எதுவும் இடுப்புக்குக் கீழே, அந்தரங்க இடத்தில் முளைத்தால் வெட்கப்படாமல் நேராக டாக்டரிடம் போய்விடுங்கள். கூடவே துணைவருக்கும் பரிசோதனை தேவைப்படலாம். மெடிக்கல் ஷாப்பில் காதோடு காதாகச் சொல்லி வாங்குகிற ஆசிட்டை அங்கே தடவுவது... வேண்டாம், நினைத்தாலே எரிகிறது!

பெரியம்மா முதல் ஆன்லைன் வரை

முடி கட்டுவது முழு மூடநம்பிக்கை கிடையாது. காம்பு உள்ள மருவுக்கு ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் அது கறுத்து உதிரும். லாஜிக் சரி. ஆனால் கட்டு பாதி இறுகினால் வீங்கும், வலிக்கும், சீழ் பிடிக்கும். அகலமான அடி உள்ளதைக் கட்டவே முடியாது.

சுண்ணாம்பும் சலவை சோடாவும் கலந்து வைக்கிற வைத்தியம் வேறு ரகம். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் கிடைப்பது காஸ்டிக் சோடா. அடைத்த சாக்கடைக் குழாயைத் திறக்கப் போடுகிற அதே சரக்கு! மருவையும் எரிக்கும், சுற்றியுள்ள நல்ல தோலையும் எரிக்கும். எங்கே நிற்கணும் என்று அதற்குத் தெரியாது. எருக்கம்பாலும் கிட்டத்தட்ட இந்த ஜாதிதான். கண்ணில் ஒரு சொட்டுப் பட்டால் கண் டாக்டரிடம் ஓட வேண்டும்.

சரி, வைத்தீஸ்வரன்கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டு மரு போனவர்கள் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். வேண்டுதல் அவரவர் நம்பிக்கை, அதில் கை வைக்க நான் யார்? ஆனால் வைரஸ் மருவுக்கு ஒரு குணம் உண்டு. உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை அடையாளம் கண்டுகொண்டால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குள் தானாகவே போய்விடுகிறது. பெரியவர்களுக்குக் கொஞ்சம் லேட். போகிற சமயத்தில் யார் வைத்தியம் நடந்துகொண்டிருந்ததோ, புகழ் அவருக்கு!

ஆன்லைன் மருந்து? 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., மச்சத்தையும் மருவையும் போக்குவதாகச் சொல்லி அனுமதி இல்லாமல் மருந்து விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கடிதம் வாங்கிய மூன்று கம்பெனிகளில் ஒன்று அமேசான். 'வீட்டிலேயே மச்சம், ஸ்கின் டேக் எடுக்க நாங்கள் அனுமதித்த மருந்து ஒன்றுகூட இல்லை' என்பதுதான் எஃப்.டி.ஏ. சொன்னது. டப்பாவில் 'இயற்கை மூலிகை' என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பல சமயம் காட்டமான ஆசிட்.

இனி டாக்டர் வீட்டுக் கொட்டேஷன்கள்.

கொட்டேஷன் 1: கத்தரி

காம்பு உள்ள மருவுக்கு இதைவிட எளிமையான வழி கிடையாது. சுத்தப்படுத்தின கத்தரியால் ஒரு 'நறுக்'. சின்னதாக இருந்தால் மரத்துப்போகிற ஊசிகூட வேண்டாம். சொட்டு ரத்தம் வரும், மருந்து தொட்டு வைத்தால் நின்றுவிடும். ஒரே சிட்டிங்.

இதன் பெரிய லாபம் பலருக்குத் தெரியாது. வெட்டிய துண்டு முழுசாகக் கையில் இருக்கும். சந்தேகம் என்றால் லேபுக்கு அனுப்பலாம். மற்ற முறைகளில் சாட்சியே எரிந்து போய்விடும்!

"கத்தரிதானே, எங்க வீட்லயும் இருக்கே!" என்று கிளம்பாதீர்கள். வீட்டுக் கத்தரியில் கிருமி இருக்கும், காம்புக்குள் ரத்தக்குழாய் இருக்கும்.

கொட்டேஷன் 2: கரன்ட் சூடு

'காட்டரி' என்பது இதுதான். ரேடியோ அதிர்வு மெஷினும் இதன் தம்பி. மரத்துப்போகிற க்ரீமோ ஊசியோ போட்டுவிட்டு ஊசிமுனை மாதிரி ஒரு கருவியால் தொட்டால் மரு பொசுங்கும். லேசாகக் கோழி வாட்டிய வாசனை வரும், பயப்படாதீர்கள்.

ஒரே உட்காரலில் இருபது முப்பதைக்கூட முடித்துவிடலாம். ரத்தம் வராது. ஒரு வாரம், பத்து நாளில் பொருக்கு உதிரும். கழுத்து மருக்கூட்டத்துக்கும் கன்னத்துக் கறுப்புப் புள்ளிக்கும் நம் ஊர் ஸ்கின் டாக்டர்கள் அதிகம் எடுப்பது இந்த ஆயுதத்தைத்தான்.

நஷ்டம் எங்கே? சூடு ஆழமாகப் போனால் குழி விழும், கறுப்புத் தடம் விழும். அதனால் கன்னத்தில் மெஷினை மிகக் குறைவாக வைத்து மேலாகத் தொட வேண்டும். முதலில் ஓரமாக ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, ஆறுவதைப் பார்த்துவிட்டு மீதியை எடுக்கச் சொல்வது புத்திசாலித்தனம்.

கொட்டேஷன் 3: ஐஸ் அடி

திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி. 1950-ல் ஆலிங்டன் என்ற அமெரிக்க டாக்டர் பஞ்சில் நனைத்துத் தொட்டு ஆரம்பித்து வைத்தது. இப்போது ஸ்பிரே. பத்து விநாடி அடித்தால் மரு வெள்ளையாக உறையும், அப்புறம் கொப்புளம், அப்புறம் உதிர்வு. ஊசி இல்லை, கத்தி இல்லை.

வைரஸ் மருவுக்கு இது பழைய தோஸ்த். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, பல தடவை போகணும். பர்மிஷன் கேட்டுக் கேட்டு மேனேஜர் முறைக்க ஆரம்பிப்பார்.

வெள்ளைக்காரர்கள் புத்தகத்தில் அவ்வளவாகச் சொல்லாத ஒரு விஷயம் நமக்கு முக்கியம். தோலுக்கு நிறம் தருகிற செல்கள் மகா நோஞ்சான்கள். மைனஸ் 5 டிகிரி வாக்கிலேயே செத்துவிடும். சாதாரணத் தோல் செல் சாக மைனஸ் 20-க்குக் கீழே போகணும். அப்படியென்றால் மரு சாவதற்கு முன்பே நிறம் செத்துவிடும்! மாநிறக் கன்னத்தில் மரு இருந்த இடத்தில் வெள்ளைப் பொட்டு. கறுப்பைக் கொடுத்து வெள்ளையை வாங்கின கதை. உள்ளங்கால், விரல் என்றால் ஓகே. முகத்துக்கு யோசிக்கணும்.

கொட்டேஷன் 4: லேசர்

பேரிலேயே ஒரு பந்தா. மரு எடுக்கப் பெரும்பாலும் உபயோகிப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர். இதை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்தவர் நம்ம ஆள்: குமார் படேல். மகாராஷ்டிராவில் பாராமதியில் பிறந்து, புனேயில் இன்ஜினீயரிங் படித்தவர்.

ஆழத்தைத் துல்லியமாக வைக்கலாம், ரத்தம் வராது. கண்ணிமை ஓரம், நகத்தின் அடி மாதிரி சிக்கலான இடங்களில் கைகொடுக்கும். ஆனால் கழுத்தில் தொங்குகிற நாலு மருவுக்கு லேசர் என்பது, கொசு அடிக்க ஏ.கே.47 எடுத்த மாதிரி. லேசரும் சூடுதான். கறுப்புத் தடம் விழுகிற வாய்ப்பு இதிலும் உண்டு. கருவியின் விலையைவிடப் பிடிக்கிற கைதான் முக்கியம்.

கொட்டேஷன் 5: ஆசிட்டும் பொறுமையும்

வைரஸ் மருவுக்கு மட்டும். சாலிசிலிக் ஆசிட் பெயின்ட். தினம் ராத்திரி வெந்நீரில் ஊறவைத்து, சொரசொரப்பைத் தேய்த்துவிட்டு, மருவின் மேல் மட்டும் தடவணும். பன்னிரண்டு வாரம் வரை. செலவு குறைச்சல், சோம்பேறித்தனம்தான் எதிரி. முகத்தில் கூடாது. சுகர் உள்ளவர்கள் காலில் டாக்டரைக் கேட்காமல் கூடாது.

இது என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வுக் கணக்கு. 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் கை மருக்காரர்களை மூன்றாகப் பிரித்தார்கள். பதின்மூன்று வாரத்தில் ஐஸ் அடித்தவர்களில் 49 சதவீதம் பேருக்குக் குணம். ஆசிட் போட்டவர்களில் 15. சும்மா இருந்தவர்களில் 8. கைக்கு ஐஸ் ஜெயித்தது.

ஆனால் உள்ளங்காலுக்கு வந்தால் கதை மாறுகிறது. ஐஸ் 30, ஆசிட் 33, சும்மா இருந்தவர்கள் 23. பெரிய வித்தியாசமே இல்லை! அடுத்த வருஷம், 2011-ல், பிரிட்டனில் 240 பேரை வைத்துப் பார்த்தார்கள். உள்ளங்கால் மருவுக்கு ஐஸும் ஆசிட்டும் பன்னிரண்டு வாரத்தில் சொல்லிவைத்த மாதிரி தலா 14 சதவீதம். ஆக, பாதத்து மருவுக்கு முதலில் விலை குறைந்த ஆசிட்டைப் போட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

பாதத்தில் இருப்பது மருவா, கால் ஆணியா? மேலே அமுக்கினால் வலித்தால் ஆணி. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலித்து, நடுவில் கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால் அநேகமாக மரு.

ஆக மொத்தம்...

கழுத்து, அக்குளில் ஒன்றிரண்டு என்றால் கத்தரி. கூட்டமாக இருந்தால் கரன்ட் சூடு. கன்னத்துப் புள்ளிக்கு மிதமான சூடு, அதுவும் சாம்பிள் பார்த்துவிட்டு. கை மருவுக்கு ஐஸ். பாத மருவுக்கு முதலில் ஆசிட். நெஞ்சிலோ தோளிலோ இருந்து, முன்பு காயம் பட்ட இடம் தடித்துப் புடைத்த அனுபவமும் இருந்தால், எதையும் தொடுமுன் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். மரு போய்த் தழும்பு மலையாகிவிடும்.

அழகுக்காக எடுப்பதை ஆபீஸ் மெடிக்ளெய்மில் கேட்காதீர்கள், தரமாட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு இருக்கிறது. கியூவில் நிற்கப் பொறுமை இருந்தால் போதும். தனியார் கிளினிக் என்றால் ரேட் ஒரு மருவுக்கா, ஒரு சிட்டிங்குக்கா என்பதை உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எழுந்த பிறகு கேட்டால் மருவைவிட பில் பெரிதாகத் தெரியும்.

எடுக்கக் கூடாத மரு

பாப் மார்லியைத் தெரியுமல்லவா? ஜமைக்காவின் பாட்டுக்காரர். 1977-ல் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் ஒரு கறுப்பு. கால்பந்து ஆடியபோது பட்ட காயம் என்றுதான் நினைத்தார்கள். அது தோல் புற்றுநோய். 1981 மே மாதம் இறந்தபோது அவருக்கு வயது 36.

கறுத்த தோல்காரர்களுக்கு இந்த ரகப் புற்றுநோய் அபூர்வம்தான். வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும். அதனால் ஒரு மச்சம் திடீரென்று வளர்ந்தாலோ, ஓரம் கோணலாகி இரண்டு மூன்று நிறம் காட்டினாலோ, தானாக ரத்தம் வந்தாலோ, ஆறாத புண்ணானாலோ அதைச் சுடவும் கூடாது, உறைய வைக்கவும் கூடாது, லேசரும் கூடாது. வெட்டி எடுத்து லேபுக்கு அனுப்பணும். பியூட்டி பார்லரில் "எடுத்துடலாம் சார், அஞ்சு நிமிஷம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எடுக்கிறது சுலபம். எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுப்பதற்குத்தான் டாக்டருக்கு ஃபீஸ்.

கழுத்து சொல்லும் ரகசியம்

கடைசியாக ஒன்று. இதுதான் முதலில் சொல்லியிருக்க வேண்டியதோ என்னவோ.

கழுத்தில் கொத்துக் கொத்தாக மரு. கூடவே பின்கழுத்து அழுக்குப் பிடித்த மாதிரி கறுத்து, வெல்வெட் துணி போலத் தடித்திருக்கிறது. எத்தனை சோப்புத் தேய்த்தாலும் போகவில்லை. இந்த ஜோடியைப் பார்த்தால் டாக்டர் கண் சட்டென்று உங்கள் தொப்பைக்குப் போகும். காரணம், உடம்பு இன்சுலின் சொன்ன பேச்சைக் கேட்காதபோது தோல் காட்டுகிற சிக்னல் இது. சர்க்கரை வாசலில் நிற்கிறது என்று அர்த்தம், அல்லது உள்ளே வந்து உட்கார்ந்தே விட்டது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வுப்படி நம் நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 15.3 சதவீதம் பேர் வாசற்படியில். அதில் எத்தனையோ பேர் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று மணிக்கு ஒரு டீ, ஒரு வடை, அஞ்சு மணிக்கு இன்னொரு டீ என்று ஓட்டுகிற நம்மைப் போன்றவர்கள்.

சர்க்கரை ஆரம்பத்தில் வலிக்காது. எந்தச் சத்தமும் போடாது. ரத்தப் பரிசோதனைக்கு நாமாகப் போகவும் மாட்டோம். ஆனால் கண்ணாடியில் தெரிகிற மரு உறுத்தும். டாக்டர் வீட்டு வாசல்வரை இழுத்துக்கொண்டு போகும். போன இடத்தில் "டாக்டர், அப்படியே சுகரும் ஒரு தடவை பார்த்துடலாமா?" என்று கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று மாத சராசரி ஒன்று. அவ்வளவுதான்.

வாசற்படியில் நிற்கிறது என்று தெரிந்தால் நடந்தும் எடை குறைத்தும் அதைத் திருப்பி அனுப்ப நிறையவே வாய்ப்பு உண்டு. தெரியாமலே இருந்தால்தான் பிரச்னை.

அதனால் மருவைத் திட்டாதீர்கள். ரிப்போர்ட் வரட்டும். அதுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்கள். அப்புறமாக வெட்டுங்கள்!